றஸாக்கும் பழைய எல்லையும்

லேஞ்சியை, அதாவது கைக்குட்டையை, நான்காக மடித்து என் கடையின் பிளாஸ்டிக் கதிரையை இருமுறை தட்டி, அதே லேஞ்சியை அதன்மேல் விரித்த பிறகுதான் றஸாக் உட்காருவார். உட்காரும்போது களிசானின் மடிப்புக் கோடு கெடாமல் முழங்காலருகே இரண்டு விரலால் கொஞ்சம் தூக்கிவிட்டுக்கொள்வார். கண்ணாடியைக் கழற்றி ஊதித் துடைப்பார். மனுசன் கணினியைத் தொடுவதற்குள் போட்டோக்கொப்பி எடுக்க வந்தவர்களில் பாதிப்பேர் பொறுமையிழந்து அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

கல்முனைக் கடைத்தெருவில் பல கடைகளுக்குப் பற்றுச்சீட்டு அடிக்கும் மென்பொருளை எழுதிக் கொடுத்தவர் அவர்தான். சீனிமுகம்மது காக்காவின் புடைவைக் கடையிலும் அதுதான், என்னுடைய புத்தகக் கடையிலும் அதுதான். வயது நாற்பதைத் தொடவில்லை, தாடி மட்டும் அவசரப்பட்டு நரைத்துவிட்டது. சத்தம் போட்டுக் கதைக்கமாட்டார். கடன் சொல்லும் வாடிக்கையாளரிடம்கூடத் தானே கடன்பட்டவர் போலத்தான் நிற்பார்.

நின்றபடி தண்ணீர் குடிக்கமாட்டார். சண்டைக் காலத்தில் ஒருநாள் சோதனைச் சாவடி வரிசையில் இருவரும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தோம். கையில் தண்ணீர்ப் போத்தல் இருந்தும் மனுசன் திறக்கவேயில்லை. "நிண்டுக்கிட்டுக் குடிக்கப்படாது அண்ணன். எங்கட மார்க்கத்தில இரிந்துதான் குடிக்கணும்" என்றார். சாவடியைத் தாண்டியதும் ஒரு மதகுக் கட்டைக் கண்டுபிடித்து, தூசி தட்டி, லேஞ்சி விரித்து, உட்கார்ந்து, பிறகுதான் போத்தலைத் திறந்தார். ஒரு சிப்பாய் துவக்கைத் தாழ்த்திவிட்டு இந்தச் சடங்கை முழுதாகப் பார்த்தான்.

இந்த ஆண்டு யுத்தம் முடிந்ததென்று வெடி கொளுத்தி, அந்த வெடிச்சத்தமும் அடங்கிய பிறகு, போட்டோக்கொப்பி விலையைக் கொஞ்சம் கூட்டலாம் என்று நினைத்தேன். பற்றுச்சீட்டில் விலையை மாற்றித்தரச் சொல்லி றஸாக்கை அழைத்தேன். வந்தார். மேற்படி சடங்குகள் முடிந்ததும் திரையில் ஒரு வரியைக் காட்டினார். அந்த வரியில் மட்டும் ஆங்கிலச் சொற்கள் முழுக்கப் பெரிய எழுத்தில் இருந்தன.

"இதுக்குப் பேர்தான் கொன்ஸ்டன்ட் அண்ணன். ஜாவாவில ஃபைனல் எண்டு போட்டா, புறோகிராம் ஓடக்குள்ள ஒருத்தனும் இதத் தொடேலா. ஸ்டாட்டிக் எண்டு போட்டா அது கிளாசுக்கே சொந்தம். ஆளுக்கொரு கொப்பி வெச்சிக்கிட்டு அலையத் தேவல்ல. மத்த எல்லா இடத்திலயும் விலயப் போடுறல்ல, இந்தப் பேரத்தான் போடுற. மாத்துறண்டா இந்த ஒரு இடம்தான்."

பள்ளிக்கூடக் கணிதத்தில் மாறிலி என்று படித்தோமே, அதுதான் இது என்று புரிந்துகொண்டேன். எண்ணை வெறுமனே வரிக்குள் எழுதுவது அவருக்குப் பிடிக்காது. வேறு யாரோ எழுதிய நிரலில் ஓர் எண் பெயரில்லாமல் நிற்பதைக் கண்டால் "இது ஆர்ர புள்ள? வாப்பா இல்லயா?" என்று கேட்பார். அவர் விடுகிற பகிடி அது ஒன்றுதான்.

விலையை மாற்றிவிட்டார். ஒரு நொடி வேலை. ஆனால் அதோடு எழும்பவில்லை. ஏற்கனவே இயந்திர மொழிக்கு மாற்றிக் கட்டிவைத்திருந்த கோப்புகள் அத்தனையையும் அழித்தார். விலையோடு சம்பந்தமே இல்லாத பகுதிகளையும் விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து கட்டத் தொடங்கினார். என் கணினி கிழடு. கடைக்குள் சனம் சேர்ந்துவிட்டது.

இது அவருடைய தீராத பழக்கம். சீனிமுகம்மது காக்கா இதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். "ஒரு சாறனுக்கு விலய மாத்தித் தாடா எண்டு சென்னா, கடயவே இடிச்சுப் போட்டுத் திரும்பக் கட்டுறான் அவன்!" என்பார்.

"ஒரு இடத்தில மாத்தினாப் போதும் எண்டு நீர்தானே சொன்னீர்? பிறகேன் எல்லாத்தையும் அழிக்கிறீர்?" என்று நானும் பலமுறை கேட்டிருக்கிறேன். "அது என்ட பழக்கம் அண்ணன்" என்பார். சொல்லும்போது முகம் தாழ்ந்துவிடும். அன்றும் அப்படித்தான் சொன்னார்.

அவரிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. கல்முனையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பாண்டிருப்புக்கு வேலைக்கு வரமாட்டார். அங்கே பலசரக்குக் கடை வைத்திருக்கும் என் மைத்துனர் அழகரெத்தினம் எத்தனையோ தரம் கூப்பிட்டும், தனக்கு நேரமில்லையென்று வேறு ஆளைத்தான் அனுப்பினார். மருதமுனைக்குப் போகும்போதும் பாண்டிருப்பைத் தலை திருப்பாமல் கடந்துவிடுவார். தமிழ்ப் பகுதிக்குள் வரப் பயப்படுகிறார் என்று நினைத்து எனக்கு உள்ளூரக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். பயமில்லை, அது வேறு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

கணினி முனகிக்கொண்டிருந்த நேரத்தில் மீனாம்பிகை அக்கா வந்தார். பாண்டிருப்புக் கடற்கரையோரம் இருப்பவர். கணவரைச் சுனாமி கொண்டுபோனது. ஊரில் சுனாமி பட்ட எல்லோரிடமும் இருப்பது போல அவரிடமும் அடையாள அட்டை முதல் மரண அத்தாட்சி வரை போட்டுவைத்த ஒரு பொலித்தீன் பை இருக்கிறது. அதை மேசையில் கவிழ்த்தார்.

"சண்ட முடிஞ்சிட்டாம். மறுகாலும் வீடு குடுக்கப் போறாங்களாம் எண்டு சனம் கதைக்குது மகன். எல்லாத்திலயும் ஒவ்வொரு கொப்பி எடுத்துத் தாங்க."

"முதல் குடுத்த வீட்டில உங்களுக்குக் கிடைக்கல்லயா அக்கா?" என்று கேட்டேன். இயந்திரம் சூடாகும் வரை ஏதாவது கதைக்கவேண்டுமே என்று கேட்ட கேள்விதான்.

"எப்பிடிக் கிடைக்கும்? பிழ என்டதானே."

கதிரையில் உட்காராமலே அந்தக் கதையைச் சொன்னார். கடலிலிருந்து ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் வீடு இருந்தவர்களுக்கு, உள்ளே தள்ளிப் புது வீடு கட்டிக்கொடுக்க ஒரு வெளிநாட்டு நிறுவனம் வந்தது. அளவு நாடாவோடு ஆட்கள் வளவு வளவாக வந்தார்கள்.

"கடல்ல இரிந்து வீட்டு வாசலுக்கு அளக்க வேணுமாம். வீடு எங்க இரிக்கு? கிணறு மட்டும்தான் மிஞ்சின. வாசல் இரிந்த இடத்தில புடிங்கம்மா எண்டு நாடாட ஒரு தலைப்ப எனக்கிட்டத் தந்தாங்க. நான் கிணத்துக் கட்டில வெச்சுப் புடிச்ச. வாசல் அதுக்கு முன்னுக்கு இரிந்திச்சோ, பின்னுக்கு இரிந்திச்சோ, ஆருக்குத் தெரியும்? அவரப் பொதைச்ச மண் ஈரமும் காயல்ல. எனக்குப் புத்தி எங்க இரிந்திச்சு?"

பட்டியலில் பெயர் வரவில்லை என்றதும் அந்த நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனாராம்.

"கண்ணாடி அறைக்குள்ள கொம்பியூட்டருக்கு முன்னால ஒரு சோனகப் பொடியன் இரிந்த. நல்ல மரியாதயான பொடியன். எழும்பி வந்து லேஞ்சியால கதிரையத் துடைச்சு என்ன இருக்கச் சொன்ன. தட்டிப் பார்த்திட்டு, 'அம்மா, கொம்பியூட்டர் பிழ விடாது. நீங்க நாடாவப் புடிச்ச இடத்த ஒருக்கா யோசிச்சுப் பாருங்க' எண்டு சொன்ன. அண்டையில இரிந்து இண்டைக்கு வரைக்கும் யோசிக்கன் மகன்."

போட்டோக்கொப்பி இயந்திரத்தின் மூடியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். றஸாக் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். அவர் காதும் கழுத்தும் அடிவாங்கியவை போலச் சிவந்திருந்தன. கணினி வேலையை முடித்துவிட்டு அவருடைய விரலுக்காகக் காத்திருந்தது. விரல் அசையவில்லை.

"என்ட மகன் கோகுலன் இப்பவும் சொல்லிக் காட்டுவான். 'நீ புடிச்ச புடியிலதான் நாம தகரத்துக்குள்ள கிடக்கம்' எண்டு. குடிச்சாலும் சொல்லுவான், குடிக்காட்டியும் சொல்லுவான். அந்தக் கிணத்தில தண்ணி அள்ள எனக்குக் கை வராது. பக்கத்து வளவிலதான் போய் அள்ளுற." பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "வாறன் மகன்" என்று போய்விட்டார்.

நான் வந்திருந்த சனத்தை அனுப்பிவிட்டுக் கடைக் கதவைப் பாதி சாத்தினேன். றஸாக் திரும்பினார். கண்ணாடியைக் கழற்றியிருந்தார், ஆனால் துடைக்கவில்லை.

"நான் அப்பிடிச் சென்னது எனக்கு மறந்தே போயிட்டு அண்ணன்" என்றார். "மத்ததெல்லாம் ஞாபகமிரிக்கி. இது மறந்து போயிட்டு."

மற்றதெல்லாம் என்றால் என்ன என்று கேட்டேன். சொன்னார். அந்த நிறுவனத்தின் மென்பொருளை எழுதியவரும் அவர்தான். எங்கள் ஊரில் தமிழருக்கு ஒரு பிரிவு, முஸ்லிம்களுக்கு ஒரு பிரிவு என்று எல்லாமே இரண்டாக நடப்பது வாசகர்களுக்குத் தெரியும். அகதிகளைப் பதிந்த முறையும் இரண்டாக இருந்தது. முஸ்லிம்களைப் பள்ளிவாசல் வாரியாகவும் தமிழரைக் கிராம சேவகர் பிரிவு வாரியாகவும் பதிந்திருந்தார்கள். அதனால் றஸாக் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி வகுப்பு, அதாவது அவர் கிளாஸ் என்கிற தனி நிரல் துண்டு, எழுதினார். கடலிலிருந்து எத்தனை மீற்றர் என்ற எல்லையை மட்டும் மூன்றாவது ஒரு வகுப்பில் மாறிலியாகப் பெரிய எழுத்தில் எழுதி வைத்தார். ஒழுங்கான வேலைதான். யாரும் குறை சொல்ல முடியாது.

முதலில் அந்த எல்லை நூறு மீற்றர். பிறகு நிறுவனம் அதை இருநூறாக்கியது. றஸாக் அந்த ஒரு வரியைத் திருத்தினார். அன்றைக்கே முஸ்லிம் பக்கத்தில் ஒரு பள்ளிவாசலின் பெயரையும் திருத்தவேண்டி இருந்ததால் அந்த வகுப்பையும் மறுபடி கட்டினார். தமிழ்ப் பக்கத்தில் திருத்தம் ஏதும் இல்லை. அதைத் தொடாமல் விட்டார்.

பிழை அங்கேதான். ஜாவாவில் இப்படிப்பட்ட ஓர் எண்ணை மாறிலியாக எழுதினால், அதைப் பயன்படுத்தும் வகுப்பு கட்டப்படும்போதே எண்ணைத் தனக்குள் எடுத்து ஒட்டிவைத்துக்கொள்ளுமாம். பிறகு மூல இடத்தில் மாற்றினாலும், திரும்பக் கட்டும் வரை அது பழைய எண்ணையே வைத்திருக்கும். கடைப் பலகையில் விலையை மாற்றிவிட்டு, பொதிகளில் ஒட்டிய பழைய துண்டுகளைக் கிழிக்காமல் விட்டால் எப்படியோ அப்படி. முஸ்லிம் பக்கம் இருநூறுக்கு மாறியது. தமிழ்ப் பக்கம் நூறிலேயே நின்றது. இரண்டுக்கும் நடுவே வீடிருந்த தமிழ்க் குடும்பங்கள் எதுவும் பட்டியலில் ஏறவில்லை.

தங்கள் ஆட்களுக்குப் பார்த்துவிட்டு எங்களைக் கைவிட்டார்கள் என்று அப்போது ஊரில் கதை எழும்பியது. நானும் கேட்டிருக்கிறேன். யாரோ மேலிடத்தில் செய்த வேலை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நிறுவனம் வீடுகளைக் கட்டிக் கொடுத்து, திறப்பு விழாவும் நடத்திவிட்டு, கிழக்கில் சண்டை மூண்டதும் மூட்டை கட்டியது. அதன் பிறகு ஒருநாள் பழைய நிரலை வேறெதற்கோ திறந்தபோதுதான் றஸாக்குக்கு விசயம் விளங்கியிருக்கிறது. நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினார். அந்தத் திட்டம் முடிந்துவிட்டது, நன்றி என்று பதில் வந்ததாம்.

"சனத்துக்கிட்டப் போய் என்னத்தச் செல்ல? கொம்பியூட்டர் பிழ விட்டுட்டு எண்டா? எங்கட பக்கம் மட்டும் சரியா வந்து, உங்கட பக்கம் மட்டும் பிழச்சிப் போயிட்டு எண்டா ஆர் நம்புவாங்க? அதான் வாயப் பொத்திக்கிட்டு இரிந்துட்டன். என்னக் கள்ளன் எண்டு நெனச்சா நெனச்சிட்டுப் போகட்டும் எண்டு இரிந்தன். அந்த மனிசி தன்னத்தானே பிழ சென்னுக்கிட்டு இரிக்கும் எண்டு எனக்குத் தெரியா அண்ணன்."

கோபம் எனக்குத் தலைக்கேறியது. "திருத்தி முடிச்ச பிறகு லிஸ்ட்ட ஒருக்காத் திறந்து பார்க்கல்லயா? ரெண்டு பக்கத்தையும் பார்க்க எவ்வளவு நேரம் போகும்?" என்று கேட்டுவிட்டேன்.

கழற்றிய கண்ணாடியை மடித்து மேசையில் வைத்தார்.

"பார்த்தன். எங்கட பக்கத்தப் பார்த்தன். எங்கட லாத்தாட ஊடும் கடலோட போயிட்டு. லாத்தாட பேர் வந்திரிக்கா எண்டு தேடின. வந்திரிந்திச்சி. அல்ஹம்துலில்லாஹ் எண்டு சென்னிட்டு மூடிட்டன். வேணுமெண்டு செய்யல்ல அண்ணன். ஆனா மத்தப் பக்கத்தப் பார்க்காம வுட்டது நான்தானே? கொம்பியூட்டரா? லாத்தாட புது ஊட்டில ஒரு வாய் சோறு எறங்குதில்ல எனக்கு. சுவரப் பார்த்தா வெக்கமாயிரிக்கி."

என் கோபம் இறங்கிவிட்டது. ஒரு மனுசன் தன் அக்காவின் பெயரைத் தேடினான் என்பதற்காக அவனை என்னவென்று ஏசுவது? ஆனாலும் "அந்த மனிசிக்கு நீர் சொல்லித்தான் ஆகவேணும்" என்றேன். தலையாட்டினார். விரித்த லேஞ்சியைக் கதிரையிலேயே விட்டுவிட்டுப் போனார். அவர் அதை மறந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதன்பின் கொஞ்ச நாள் ஆளைக் காணவில்லை. சீனிமுகம்மது காக்காவின் கணினி படுத்துவிட்டதென்று கூப்பிட்டும் போகவில்லையாம். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, தொப்பியோடு என் கடை வாசலில் வந்து நின்றார். வெள்ளைக் களிசான், கத்தி போல மடிப்பு.

"பாண்டிருப்புக்கு ஒருக்கா என்னோட வாறீங்களா அண்ணன்? தனியப் போகக் கால் வருதில்ல."

லேஞ்சியை எடுத்துக் கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். என் மோட்டார் சைக்கிளில் போனோம்.

மீனாம்பிகை அக்காவின் வளவில் ஒரு தகரக் கொட்டில், இரண்டு தென்னை, ஒரு கிணறு. கிணற்றுக் கட்டில் பாசி உலர்ந்து கறுத்துக் கிடந்தது, கயிறும் இல்லை, வாளியும் இல்லை. கோகுலன் மேசன் வேலையால் அப்போதுதான் வந்திருந்தான். கையில் சீமெந்து காய்ந்திருந்தது. எங்களைக் கண்டதும் எழும்பினான். உட்காரச் சொல்லவில்லை. சொல்லவும் அந்த முற்றத்தில் ஒரு கதிரை இல்லை.

றஸாக் கொன்ஸ்டன்ட், கிளாஸ் என்று ஏதோ தொடங்கினார். பாதியில் நிறுத்தினார். பிறகு நேராகச் சொன்னார்.

"அந்த வீட்டு லிஸ்ட் கொம்பியூட்டருக்குள்ள எழுதினது நான்தான். எல்லையக் கூட்டினாங்க. எங்கட பக்கத்துக்குக் கூடிச்சி, ஒங்கட பக்கத்துக்குக் கூடல்ல. நான் பார்க்காம வுட்டுட்டன்."

"வேணுமெண்டு விட்டதா?" என்று கேட்டான் கோகுலன்.

"இல்ல தம்பி."

"உங்கட பக்கத்த மட்டும் எப்பிடிப் பார்த்த?"

"எங்கட லாத்தாட பேரத் தேடின" என்றார் றஸாக். மறைக்கவில்லை. இதைச் சொல்லாமல் தப்பிவிடுவார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

கோகுலன் காறித் துப்பினான், நல்லவேளையாக மண்ணில். "இப்ப வீடு வருமா?"

"வராது. அவங்க போயிட்டாங்க."

"பின்ன என்னத்துக்கு வந்த? எங்களுக்கு இதக் கேட்டு என்ன பிரயோசனம்?"

"பழய பதிவில ஒங்கட அளவப் பார்த்திட்டன். ஒங்கட அம்மா நாடாவப் புடிச்ச இடம் சரி தம்பி. வாசல்ல புடிச்சிரிந்தாலும் சரி, கிணத்துக் கட்டில புடிச்சாலும் சரி, ரெண்டும் புது எல்லைக்கு உள்ளுக்குத்தான். அவகளில ஒரு பிழயும் இல்ல. அதச் செல்லத்தான் வந்த."

மீனாம்பிகை அக்கா கொட்டில் வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றார். றஸாக்கின் முகத்தை, தாடியை, பையில் எட்டிப் பார்த்த லேஞ்சியை மாறி மாறிப் பார்த்தார்.

"நீயா மகன் அந்தப் பொடியன்?"

"ஓம் அம்மா."

"கொம்பியூட்டர் பிழ விடாது எண்டு சொன்ன."

"அது வுடல்ல அம்மா. நான்தான் வுட்ட. ஒங்கள யோசிக்கச் சென்னதும் நான்தான்." அவரால் அதற்கு மேல் தலை நிமிர்த்த முடியவில்லை. என்னாலும் முடியவில்லை.

கோகுலன் தாயைப் பார்த்தான். பிறகு சீமெந்துக் கையைக் களிசானில் தேய்த்தபடி தென்னையடிக்குப் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

அக்கா மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, ஏசவுமில்லை. கொட்டிலுக்குள் போய்க் கயிறு கட்டிய வாளியையும் ஒரு செம்பையும் எடுத்துவந்தார். பக்கத்து வளவுக்குப் போகப் போகிறார் என்று நினைத்தேன். தன் கிணற்றடிக்குத்தான் போனார். கட்டின் ஒரு பக்கத்தில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வாளியை இறக்கினார். தண்ணீரில் வாளி விழும் சத்தம் கேட்டதும் கோகுலன் திரும்பிப் பார்த்தான். செம்பை அலசி, நிறைத்து, கொண்டுவந்து றஸாக்கிடம் நீட்டினார்.

"வெயிலுக்க வந்த நீங்க. குடிங்க."

றஸாக் செம்பை இரண்டு கையாலும் வாங்கினார். வழக்கம்போலச் சுற்றிலும் பார்த்தார். உட்கார ஒரு கல்கூட இல்லை. தண்ணீர் சிந்திச் சகதியாகிக் கிடந்த கிணற்றடி மண்ணில், அந்த வெள்ளைக் களிசானோடு, லேஞ்சியை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்து குடிக்கத் தொடங்கினார்.